டான்ஸ் கிளாஸ் குழுவோடு டிவி ஷூட்டிங்கில் ஆடியன்ஸாக உட்காருவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சென்னையில் எடுக்கப்படும் டிவி நடனப் போட்டிகளுக்கு ஏரியா டான்ஸ் கிளாஸ் பிள்ளைகளை ஆடியன்ஸாக அழைத்துப் போக நினைக்கும் மாஸ்டர்களுக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். எங்கள் கிளாஸ் பிள்ளைகளைப் பலமுறை கூட்டிப்போயிருக்கிறேன். புதிதாக வரும் குழுக்கள் எங்கே தடுமாறுகின்றன என்பதையும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆர்வத்துக்கு யாரிடமும் குறையில்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் சிக்கல் வருகிறது.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடலாம். 'லைவ் ஆடியன்ஸ்' என்றால் நிகழ்ச்சி அந்த நொடியே டிவியில் ஓடுகிறது என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நடனப் போட்டிகள் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டு, எடிட்டிங் முடிந்து, பிறகுதான் ஒளிபரப்பாகும். இறுதிச்சுற்று போன்ற சில நிகழ்ச்சிகள் மட்டும் நேரலையாக வரலாம். எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவு என்றால் ஒரே விஷயம் பலமுறை நடக்கும், நேரம் இழுக்கும். நேரலை என்றால் நேரம் கறாராக இருக்கும், தாமதமாகப் போனால் உள்ளே விடமாட்டார்கள்.

1. எதற்குப் போகிறோம் என்பதைப் பேசி முடியுங்கள்

ஆடியன்ஸாகப் போனால் ஆட வாய்ப்பு கிடைக்கும் என்று பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் நம்புவார்கள். கிடைக்காது. போட்டியாளர் தேர்வு ஆடிஷன் வழியாகத் தனியாக நடக்கிறது. கேலரியில் உட்கார்ந்திருப்பவரை மேடைக்கு அழைப்பது எப்போதாவது நடந்தாலும், அதை நம்பி யாரையும் கூட்டிப்போகக் கூடாது.

இதைக் கிளாஸில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால், இரவு 10 மணிக்கு நான்காவது டேக் ஓடும்போது "நம்மள எப்ப மாஸ்டர் கூப்பிடுவாங்க?" என்று ஒரு சின்னப் பிள்ளை கேட்கும். அப்போது சொல்லும் பதில் அதற்கு வலிக்கும்.

பார்க்கப் போவதிலேயே நிறைய இருக்கிறது. டிவியில் இரண்டரை நிமிடமாகத் தெரியும் பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் ஓடுகிறார்கள், போட்டியாளர் மேடை ஓரத்தில் நின்று எப்படி மூச்சைப் பிடிக்கிறார், ஒருவர் இன்னொருவரைத் தூக்கும் லிஃப்ட் தவறினால் மறுபடி எடுக்கிறார்களா, அப்படியே விடுகிறார்களா என்பதையெல்லாம் நேரில் பார்க்கும் பிள்ளை அடுத்த வாரம் கிளாஸில் வேறு மாதிரி நிற்கும்.

2. உள்ளே போக எந்த வழி

மூன்று வழிகள் இருக்கின்றன. உங்கள் ஊர்க்காரரோ பழைய மாணவரோ போட்டியாளராக இருந்தால் அவர் மூலம் பாஸ் கிடைக்கலாம். குடும்பத்தினருக்கும் ஆதரவாளர்களுக்கும் கொஞ்சம் இடம் ஒதுக்குவார்கள். எண்ணிக்கை குறைவுதான், ஆனால் கேமரா அந்தப் பக்கம் அடிக்கடி திரும்பும்.

இரண்டாவது, சேனலோ நிகழ்ச்சித் தயாரிப்பு நிறுவனமோ தன் அதிகாரபூர்வப் பக்கத்தில் தரும் அழைப்பு. மூன்றாவது, ஆடியன்ஸ் கோஆர்டினேட்டர். எத்தனை பேர் வேண்டும் என்று தயாரிப்புக் குழு சொன்னால் ஆட்களைச் சேர்த்து அனுப்புவது இவர் வேலை. கிளாஸாகப் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்த வழிதான் அமையும்.

கோஆர்டினேட்டர் புதியவர் என்றால், எந்த நிகழ்ச்சி, எந்தத் தயாரிப்பு நிறுவனம், ஃப்ளோரில் (ஷூட்டிங் நடக்கும் அரங்கில்) யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அந்தப் பெயர்களைத் தனியாக விசாரித்துச் சரிபாருங்கள். இருக்கைக்கோ, 'முன் வரிசை'க்கோ, 'ஆடிஷனில் சொல்லி வைக்கிறேன்' என்பதற்கோ பணம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். பேரம் கூட வேண்டாம்.

சில கோஆர்டினேட்டர்கள் தலைக்கு இவ்வளவு என்று பேட்டா தருவார்கள். தருகிறார்கள் என்றால் அதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லி, வண்டிச் செலவில் கழிப்பதா, வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதா என்று முடிவு செய்யுங்கள். பின்னால் தெரியவந்தால் கிளாஸின் பெயர் கெடும்.

3. சம்மதம் முதலில், எண்ணிக்கை பிறகு

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. கோஆர்டினேட்டர் போனில் "மாஸ்டர், சனிக்கிழமை ஒரு அம்பது பேர் கெடைப்பாங்களா?" என்பார். சந்தோஷத்தில் "தாராளமா வரோம்ணா" என்று வாய் சொல்லிவிடும். அப்புறம்தான் பெற்றோருக்கு ஒவ்வொருவராகப் போன் போகும். ஒருவருக்கு டியூஷன், ஒருவருக்குச் சொந்தத்தில் கல்யாணம். வெள்ளிக்கிழமை இரவு கையில் 31 பேர் இருப்பார்கள்.

அந்த 19 காலி இருக்கைகள் ஃப்ளோரில் பெரிய பிரச்சினை. ஜிம்மி ஜிப் (நீளக் கை வைத்த கிரேன் கேமரா) மேலே எழும்பி முழு அரங்கையும் காட்டும்போது ஒரு மூலை மொட்டையாகத் தெரியும். அதை நிரப்பக் கடைசி நேரத்தில் ஆள் தேடுவார்கள், அல்லது எல்லோரையும் மாற்றி உட்காரவைப்பார்கள். ஷூட்டிங் தள்ளிப்போகும். அடுத்த முறை உங்களுக்குப் போன் வராது.

அதனால் "நாளை மதியத்துக்குள் சொல்கிறேன்" என்று சொல்லி அவகாசம் வாங்குங்கள். முதலில் பெற்றோருக்கு எழுத்தில் விவரம் போகட்டும்: தேதி, இடம், எத்தனை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், திரும்ப நள்ளிரவு ஆகலாம், பிள்ளையின் முகம் டிவியிலும் சேனலின் யூடியூப், இன்ஸ்டாகிராம் பக்கங்களிலும் வரலாம். இவற்றுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வரும் கட்டைவிரல் போதாது. ஃப்ளோரில் ஒப்புதல் படிவம் கேட்டால் உங்கள் கையில் காகிதம் இருக்க வேண்டும்.

கையெழுத்து வந்த எண்ணிக்கையில் இரண்டு மூன்று பேரைக் குறைத்தே கோஆர்டினேட்டரிடம் சொல்லுங்கள். கடைசி நேரத்தில் காய்ச்சல் வருவது உறுதி. இரண்டு பேர் கூடுதலாக வந்தால் பெரும்பாலும் உட்காரவைத்துவிடுவார்கள். அவர்களைக் கூட்டிவரலாமா என்று முன்பே கேட்டுக்கொண்டால் அதுவும் சிக்கலில்லை. சொன்னதை விடக் குறைவாக மட்டும் போய் நிற்காதீர்கள்.

4. யாரைக் கூட்டிப்போகக் கூடாது

குழுத் தலைவர் எடுக்க வேண்டிய கஷ்டமான முடிவு இது. 6 வயதுக்குக் கீழான பிள்ளைகளை நான் அழைத்துப்போவதில்லை. பசி, தூக்கம், சத்தம் மூன்றையும் ஒன்றாக அவர்களால் தாங்க முடியாது. சில நிகழ்ச்சிகள் வயது வரம்பை இன்னும் உயர்த்தி வைத்திருக்கும், கேளுங்கள்.

வலிப்பு வந்த வரலாறு இருப்பவர்களுக்கு மேடையில் வெட்டி வெட்டி அடிக்கும் ஸ்ட்ரோப் விளக்கு ஆபத்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்குப் புகை மெஷின் ஒத்துக்கொள்ளாது. பெற்றோர் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளையைச் சேர்க்காமல் விட்டுவிடுவீர்களோ என்ற பயம். சம்மதக் கடிதத்திலேயே ஒரு கேள்வியாக வையுங்கள்.

பெரியவர்கள் எத்தனை பேர் வேண்டும்? நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் குழந்தைக் கலைஞர்களுக்கான மத்திய அரசின் 2017 விதிகள் அதிகபட்சம் 5 குழந்தைகளுக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும் என்கின்றன. ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ச்சியாக 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பதும் அதில் உண்டு. ஆடியன்ஸில் உட்காரும் பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட விதி அல்ல அது. ஆனாலும் 5 பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகள் இருந்தால் பொறுப்பாளர்களில் பெண்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

5. கோஆர்டினேட்டரிடம் போனிலேயே கேட்டுவிட வேண்டியவை

ஒரு எபிசோடா, இரண்டா? இந்தக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். ஒரே நாளில் இரண்டு எபிசோடு எடுத்தால் நேரம் இரட்டிப்பாகும், மாற்று உடையும் தேவைப்படும். டிவியில் இரண்டும் வேறு வேறு நாளில் வரும் என்பதால் ஒரே சட்டையில் உட்கார்ந்திருக்க முடியாது.

சாப்பாடு கொடுப்பார்களா, எத்தனை வேளை, கழிப்பறை செட்டிலிருந்து எவ்வளவு தூரம், போனை வாங்கிவைப்பார்களா, உடை நிறத்தில் கட்டுப்பாடு உண்டா, எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பார்களா என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் "முடியாது" என்றுதான் பதில் வரும். நிறம், உயரம், கேமரா கோணம் பார்த்துப் பிரித்து உட்காரவைப்பார்கள். தெரிந்துகொண்டு போனால் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி திட்டமிடலாம்.

6. வண்டி

ஷூட்டிங் வடபழனி, சாலிகிராமம் பக்கம் என்றால் மெட்ரோவும் பஸ்ஸும் உண்டு, பாடு குறைவு. பூந்தமல்லியைத் தாண்டி செம்பரம்பாக்கம் ஈவிபி ஃபிலிம் சிட்டி என்றால் தனி வண்டி இல்லாமல் போகாதீர்கள். போவதற்குப் பஸ் கிடைக்கும். நள்ளிரவுக்குப் பிறகு பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்தில் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது.

தாம்பரம், வண்டலூர் பக்கமிருந்து வருகிறவர்கள் போரூர் வழியாக வராமல் வெளிவட்டச் சாலையைப் பிடித்து நசரத்பேட்டையில் இறங்குங்கள். சனிக்கிழமை போரூரில் மாட்டினால் வரச் சொன்ன நேரம் போய்விடும்.

வண்டிக்காரரிடம் கிலோமீட்டர் கணக்கோடு பேச்சை முடித்துவிடாதீர்கள். காத்திருப்புக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா எவ்வளவு, எத்தனை மணிக்கு மேல் நைட் சார்ஜ் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். பேக்கப், அதாவது ஷூட்டிங் முடிவது, எப்போது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சொன்ன நேரத்தோடு மூன்று மணி நேரம் கூட்டி வண்டியைப் பேசுங்கள்.

7. உடை

கிளாஸ் டீ-ஷர்ட் எல்லோருக்கும் ஆசை. முதுகில் கிளாஸ் பெயரும் போன் நம்பரும் அச்சாகியிருந்தால் உள்ளே விடமாட்டார்கள், அல்லது திருப்பிப் போடச் சொல்வார்கள். அது இலவச விளம்பரம் ஆகிவிடும். எந்த நிறுவன லோகோவும், நடிகர் படமும், கட்சி அடையாளமும் இல்லாத உடை போதும்.

பளிச் வெள்ளை வேண்டாம், விளக்கு பட்டு முகம் இருண்டுபோகும். முழுக் கறுப்பு இருட்டோடு கலந்துவிடும். மெல்லிய கோடும் பொடிக் கட்டமும் போட்ட சட்டை கேமராவில் அலையலையாக நெளியும். சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு, ஊதா மாதிரி அடர்த்தியான ஒற்றை நிறங்கள் நன்றாகத் தெரியும். செட்டில் பச்சைத் திரை வைத்து எடுத்தால் பச்சை உடையும் கூடாது, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சலங்கை, சத்தம் போடும் கொலுசு, அடுக்கு வளையல் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கேலரிக்கு மேலே கைதட்டலைப் பிடிக்க மைக் தொங்கும், அதற்கு இவையும் கேட்கும். அப்புறம் ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்வெட்டரோ சால்வையோ வேண்டும். விளக்குச் சூட்டைச் சமாளிக்க ஏசியை முழுவதுமாகத் திறந்துவிடுவார்கள். வெளியே மே மாத வெயில் அடித்தாலும் உள்ளே இரண்டு மணி நேரத்தில் பிள்ளைகள் நடுங்கும். கேமரா ஓடும்போது சால்வையை எடுத்து மடியில் வைத்துக்கொள்ளலாம்.

8. பை, போன், சாப்பாடு

பையைச் சிறிதாக்குங்கள். பெரிய பைகளைச் செட்டுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள், அங்கே காவலுக்கு ஆள் இருக்காது. நகை வேண்டாம்.

போனை வாங்கிவைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. யார் வெளியேறினார் என்பது ஒளிபரப்புக்கு முன் வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் காரணம். கிளம்பும் முன்பே போன்களை அணைத்து, பெயர் எழுதிய ஜிப் கவரில் போட்டு, ஒரே பையில் ஒரே பெரியவரிடம் கொடுத்துவிடுங்கள். பேக்கப் முடிந்து எல்லோரும் முண்டியடிக்கும்போது ஒரே மாதிரி கறுப்புப் போன் நாற்பதில் உங்களுடையதைத் தேடுவது பெரும்பாடு. போன் இருக்காது என்பதால் பெற்றோருக்குத் தகவல் சொல்ல ஒரு ஏற்பாடு வேண்டும். வண்டியோடு வெளியே இருக்கும் ஒருவரின் எண்ணை எல்லா வீட்டுக்கும் கொடுத்துவிடுங்கள்.

புரொடக்‌ஷன் சாப்பாடு வரும் என்றாலும் சொன்ன நேரத்துக்கு வராது. பிரேக் விட்டால்தான் சாப்பாடு. கடலை மிட்டாய், பிஸ்கட், வாழைப்பழம் வண்டியில் இருக்கட்டும். உள்ளே போகும் முன் எல்லோரையும் வயிறு நிறையச் சாப்பிட வையுங்கள்.

9. முந்தின நாள் கிளாஸில் ஒரு மணி நேரம்

பல குழுக்கள் இதைச் செய்வதே இல்லை. என் பார்வையில் இதுதான் நல்ல ஆடியன்ஸை உருவாக்குகிறது.

டான்ஸ் பிள்ளைகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேடையில் யாராவது ஆடினால் வாய் தானாக "ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்" என்று எண்ணும். அடுத்த ஸ்டெப்பைச் சொல்லும். பக்கத்தில் இருப்பவரிடம் "லைன் போச்சு பாரு" என்று குசுகுசுக்கும். மேலே மைக் இருக்கிறது, முன்னால் ஆடுபவரின் அம்மா உட்கார்ந்திருக்கலாம். அதனால் ஒரு பாட்டைப் போட்டு, இரண்டு பிள்ளைகளை ஆடவிட்டு, மற்றவர்கள் வாயைத் திறக்காமல் பார்க்கப் பழகட்டும்.

அடுத்து கைதட்டல். பாட்டு ஓடும்போது தாளத்தில் தட்டுவது வேறு, முடிந்ததும் தட்டுவது வேறு. குத்துப் பாட்டில் உற்சாகத்தில் வேகம் ஏறிக்கொண்டே போகும், ஆடுபவரின் காதில் தாளம் குழம்பும். யாராவது ஒருவரைப் பார்த்துத் தட்டப் பழக்குங்கள். முடிந்ததும் தட்டுவது முழுதாக இருக்க வேண்டும், நிறுத்தச் சொன்னதும் ஒரே வெட்டாக நிற்க வேண்டும்.

உட்கார்ந்த இடத்தில் ஆடலாமா என்று கேட்பார்கள். தோளும் கையும் ஆடலாம். எழுந்து நிற்கவோ குதிக்கவோ கூடாது. கேலரிப் படிகள் பெரும்பாலும் பலகையும் இரும்புக் குழாயும் வைத்து நிகழ்ச்சிக்காகக் கட்டியவை. முப்பது பேர் ஒரே தாளத்தில் குதித்தால் ஆட்டம் காணும். 'எல்லோரும் எழுந்திருங்கள்' என்று ஃப்ளோர் மேனேஜர் (அரங்கை நடத்துபவர்) சொன்னால் மட்டும் எழுந்திருக்கலாம்.

10. வாசலிலிருந்து இருக்கை வரை

வரச் சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்னால் இறங்குங்கள். இறங்கியதும் தலை எண்ணி, பெயர்ப் பட்டியலின் ஒரு பிரதியைக் கோஆர்டினேட்டரிடம் கொடுங்கள். பெரியவர்களிடம் ஏதாவது ஒரு அடையாள அட்டை இருக்கட்டும்.

உள்ளே போனதும் முதல் வேலை கழிப்பறை, எல்லோரும், தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும். ரோலிங், அதாவது கேமரா ஓடுவது, ஆரம்பித்துவிட்டால் நடுவில் எழ முடியாது. எழுந்தால் கேமராவில் ஒரு இருக்கை மாயமாகி, அடுத்த ஷாட்டில் திரும்ப முளைக்கும்.

செட்டின் பின்பக்கம் பிள்ளைகள் போகவே கூடாது. முன்னால் பளபளவென்று இருக்கும் அலங்காரத்தின் பின்னால் ஆணியும், சட்டமும், தடித்த மின்கேபிள்களும்தான். இருக்கையில் உட்கார்ந்ததும் வெளியேறும் வழி எங்கே என்று ஒவ்வொரு பெரியவரும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

11. கேமரா ஓடும்போது

இங்கே உங்கள் மாஸ்டர் நீங்கள் இல்லை, ஃப்ளோர் மேனேஜர். காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு மேடை ஓரத்தில் நிற்பவர். இயக்குநர் கன்ட்ரோல் ரூமிலிருந்து சொல்வதை இவர்தான் கையசைவில் சொல்வார். பிள்ளைகளின் கண் ஜட்ஜ் பக்கமோ ஆங்கர் பக்கமோ போனாலும் அடிக்கடி இவரிடம் திரும்ப வேண்டும்.

பலருக்கும் வியப்பைத் தரும் கட்டம் ரியாக்‌ஷன் ஷாட். மேடை காலியாக இருக்கும். பாட்டு இருக்காது. கேமரா முழுவதும் கேலரியைப் பார்த்துத் திரும்பும். ஃப்ளோர் மேனேஜர் கையைத் தூக்கி "கிளாப்!" என்பார், தட்ட வேண்டும். கையை இறக்கினால் நிறுத்த வேண்டும். "ஷாக் ஆகுங்க" என்பார், வாயில் கை வைக்க வேண்டும். "எமோஷனலா பாருங்க", "சிரிங்க", "டென்ஷனா இருங்க" என்று வரிசையாக வரும். எடிட்டிங்கில் தேவைப்படும் இடத்தில் ஒட்டுவதற்காக இதையெல்லாம் சேர்த்து வைக்கிறார்கள்.

முதல் தடவை பார்க்கும் பிள்ளைக்கு இது பொய்யாகத் தெரியும், சிரிப்பு வரும். முன்பே விளக்கிச் சொல்லியிருந்தால் அபிநயப் பயிற்சியாக எடுத்துக்கொண்டு பிரமாதமாகச் செய்வார்கள். வெளியிலிருந்து வரும் மற்றக் கூட்டத்தை விட டான்ஸ் கிளாஸ் பிள்ளைகள் இதில் தனித்துத் தெரிவார்கள்.

கேமரா லென்ஸை நேராகப் பார்த்துக் கையசைக்கக் கூடாது. அந்த ஷாட் வெட்டப்படும், கூட இருந்தவர்களும் சேர்ந்து வெட்டுப்படுவார்கள். உங்கள் ஊர்ப் பிள்ளை ஆடும்போது பெயர் சொல்லிக் கத்தலாம், மற்றவர் ஆடும்போது சும்மா இருக்கக் கூடாது. அவர்களுக்கும் அதே அளவு கைதட்டுங்கள். பதாகை கொண்டுபோனால் போட்டியாளர் பெயரும் வாழ்த்தும் மட்டும், பின்னால் இருப்பவரை மறைக்காத அளவில், முன்பே காட்டி அனுமதி வாங்கியது.

பிரேக் விடும்போதெல்லாம் தலை எண்ணுங்கள். ஜட்ஜ்களுடன் செல்ஃபி எடுக்க ஓடவிடாதீர்கள். வாய்ப்பு இருந்தால் கோஆர்டினேட்டரே பேக்கப்புக்குப் பிறகு கேட்டுச் சொல்வார்.

யாராவது சின்னப் பிள்ளை தூங்கி விழுந்தால் வலுக்கட்டாயமாக எழுப்பி உட்காரவைக்காதீர்கள். அடுத்த பிரேக்கில் ஒரு பெரியவரோடு வண்டிக்கு அனுப்பிவிட்டு, இருக்கை காலியானதைக் கோஆர்டினேட்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர் ஆளை நகர்த்திக்கொள்வார். சொல்லாமல் போவதுதான் அவர்களுக்குக் கோபம் வரவைக்கும்.

12. பேக்கப் ஆன பிறகு

"பேக்கப்" என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுவார்கள். நீங்கள் எழாதீர்கள். கூட்டம் வடியும்வரை குழு உட்கார்ந்தே இருக்கட்டும். அப்புறம் வரிசையாக இறங்கி, போன் பையைப் பெற்று, வண்டியில் ஏறும் முன் ஒருமுறையும் ஏறிய பின் ஒருமுறையும் எண்ணுங்கள். வண்டி கிளம்பியதும் எல்லா வீட்டுக்கும் செய்தி போக வேண்டும்.

வழியில் இறக்கிவிடும்போது பெற்றோர் கையில் ஒப்படையுங்கள். தெருமுனையில் இறக்கிவிட்டு "போயிடுவல்ல?" என்று கேட்கும் நேரமில்லை அது.

முடிவை யாரும் வெளியே சொல்லக் கூடாது என்பதை வண்டியிலேயே மறுபடி சொல்லுங்கள். ஸ்டேட்டஸில் "பாவம் அந்த அண்ணா" என்று ஒரு பிள்ளை போட்டால் போதும், எலிமினேஷன் ஊருக்கே தெரிந்துவிடும். ஒளிபரப்புத் தேதியைக் கோஆர்டினேட்டரிடம் கேட்டு வாங்கி, தள்ளிப்போகலாம் என்ற குறிப்போடு பெற்றோர் குழுவில் போடுங்கள். எல்லா முகமும் திரையில் வராது என்பதையும் அதோடு சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பாட்டியும் அத்தையும் டிவி முன்னால் காத்திருப்பார்கள்.

மறுநாள் கோஆர்டினேட்டருக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை பேர் வந்தார்கள், ஏதாவது குறை இருந்ததா என்று நீங்களே கேளுங்கள். அடுத்த ஷூட்டிங் தேதி பெரும்பாலும் அந்தப் பேச்சில்தான் வரும். தேதி வந்தால் உடனே எண்ணிக்கை சொல்லாமல், மூன்றாவது படிக்குப் போய்ப் பெற்றோருக்குக் கடிதம் அனுப்பும் வேலையை ஆரம்பியுங்கள்.